ஃபெத்தியேவின் இயற்கை இடங்கள்: முதல்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

துருக்கியின் தென்மேற்குக் கரையிலுள்ள ஃபெத்தியே என்ற கடலோர ஊரைச் சுற்றிக் கடல், மலை, பள்ளத்தாக்கு மூன்றும் அருகருகே அமைந்திருப்பதால், எதை எந்த வேளையில் பார்ப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வதுதான் பயணத்தின் பாதி வேலை.

முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜூலை, ஆகஸ்டு வெயிலில் நடப்பது கடினம். ஜூனும் செப்டம்பரும் ஏற்றவை. தனி வண்டி தேவையில்லை, தோல்முஷ் எனப்படும் மினிபஸ்களே போதும்.

முதல் நாள் காலையிலேயே ஒலுதெனிஸ் கடற்கரைக்குச் சென்றுவிடுங்கள். 'இறந்த கடல்' என்பது அப்பெயரின் பொருள். மணல்திட்டு ஒன்று வளைந்து கடலை மறித்து, குறுகலான வாயை மட்டும் விட்டுவைத்திருப்பதால், வெளியே அலையடிக்கும்போதும் உள்ளே நீர் அசையாமல் கிடக்கும். நீச்சலில் தயக்கம் உள்ளவர்கள் இந்தக் காயலிலேயே இறங்கலாம். அங்கிருந்து படகில் பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்குக்குச் செல்லலாம். மேலே ஃபராலியா கிராமத்திலிருந்து கயிற்றைப் பிடித்து இறங்கும் பாதை ஒன்றும் உண்டு. அதில் விபத்துகள் நேர்ந்திருப்பதால், புதியவர்கள் அதை நாடவே வேண்டாம்.

இரண்டாம் நாள் முழுவதையும் சாக்லிகென்டு என்ற மலையிடுக்குக்கு ஒதுக்குங்கள். இச்சுற்றுவட்டாரத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், நான் தயங்காமல் இதையே சொல்வேன். ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த மலையிடுக்கை, சுண்ணாம்புப் பாறையை அறுத்து அறுத்து ஆறே உருவாக்கியிருக்கிறது; இருபுறச் சுவர்களும் சில இடங்களில் 300 மீட்டர் வரை உயர்கின்றன. பாறையோரம் பொருத்திய மரப்பாதையில் நடந்து, ஊற்றுநீர் பீறிட்டு வரும் இடத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும். கால் வைத்ததும் குளிர் எலும்பு வரை ஏறும். அடியில் கூழாங்கற்கள் நழுவும். ஆகவே பிடிப்புள்ள ரப்பர் செருப்பு கட்டாயம், கைப்பேசிக்கு நீர்புகா உறையும் வேண்டும். கடந்த பிறகு நீரோட்டம் தணிந்து, வெளிறிய சேற்று நிறத்தில் கணுக்கால் அளவுக்கு ஓடும். வசந்தத்தில் பனி உருகி வெள்ளம் பெருகும் என்பதாலும், மழைக்குப் பின் நீர்மட்டம் திடீரென உயரும் என்பதாலும், காவலர் தடுத்தால் திரும்பிவிடுங்கள்.

மூன்றாம் நாள் மாலை, 1,969 மீட்டர் உயரமுள்ள பாபாதா மலைக்கு ரோப் காரில் ஏறுங்கள். முதல் நாள் பார்த்த ஒலுதெனிஸ் காயல் அங்கிருந்து உள்ளங்கை அளவில் தெரியும். கீழே வியர்த்தாலும் மேலே குளிரும், கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று வலுத்தால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள் என்பதால், புறப்படுவதற்கு முன் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு, கடைசி இறக்கத்தின் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.