பன்னீர் ரோஜாவும் டச்சு ரோஜாவும்

தர்மபுரியில் இருபத்திரண்டு வருஷம் போர்டு எழுதினேன். ஃப்ளெக்ஸ் வந்து வேலை குறைந்த பிறகுதான் ஆயில் பெயின்டிங்குக்கு வந்தேன். எனக்கு வாத்தியாராக அமைந்தவர் ரேச்சல் ராய்ஷ் (1664–1750) என்ற டச்சுப் பெண் ஓவியர், பூங்கொத்து வரைவதில் பேர் போனவர். அவருடைய அப்பா ஆம்ஸ்டர்டாமில் தாவரவியல் பேராசிரியர். சின்ன வயதிலிருந்தே செடியையும் பூச்சியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வளர்ந்த கண் ராய்ஷுடையது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தின் இணையதளத்தில் அவர் படங்களைப் பெரிய அளவில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

அவர் படத்தைப் பார்த்து வரைய உட்கார்ந்தால், முழுக் கொத்தில் கை வைக்காதீர்கள். ஒரு ரோஜா, இரண்டு இலை போதும். பிரிண்டில் 2 சென்டிமீட்டர் கட்டம், கேன்வாஸில் 4 சென்டிமீட்டர் கட்டம் போட்டு வெளிக்கோட்டை மட்டும் ஏற்றுங்கள்.

முதல் பூச்சு, பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு நிறத்தில் டர்பன்டைன் கலந்து, தண்ணியாக. இதழை எண்ணாதீர்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ரோஜா ஒரு உருண்டையாகத் தெரியும். அதில் வெளிச்சம் படும் பக்கம், நடு, நிழல் என மூன்று அளவு மட்டும் பிரியுங்கள். இது சரியாக வந்தால் பாதிப் படம் முடிந்த மாதிரி. நம்ம ஊர் வெயிலுக்கு இரண்டு நாளில் காய்ந்துவிடும்.

அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போக லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) கூடுதலாகவும் இருக்க வேண்டும். என் முதல் படத்தில் இதைத் தலைகீழாகச் செய்தேன். அடி காய்வதற்குள் மேல்பூச்சு இறுகிவிட்டது. சில மாதத்தில் வெடிப்பு விட்டது.

நிறம் போடும் நாளில் பூ மார்க்கெட்டிலிருந்து ஒரு பன்னீர் ரோஜா வாங்கி வாருங்கள். ஓசூர் பாலிஹவுஸ் ரோஜா அழகுதான், ஆனால் அதன் மொட்டு கூம்பி, நீண்டு நிற்கும். அந்தக் கால டச்சு ஓவியர்கள் வரைந்தது பன்னீர் ரோஜா மாதிரி இதழ் அடர்ந்து, கனத்தில் தலை சாய்கிற ரகம். ஜன்னல் வெளிச்சம் இடது பக்கமிருந்து விழும்படி வைத்து, படத்தையும் பூவையும் மாறி மாறிப் பாருங்கள். உள்மடிப்பில் சிவப்பு ஏன் கூடுகிறது என்று பூவே காட்டும். நிழலை முதலில் வையுங்கள். டைட்டானியம் ஒயிட் கடைசியில், அதுவும் இரண்டு மூன்று இடத்தில்தான்.

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாதது ஓரம். போர்டில் எழுத்தின் ஓரம் கத்தி மாதிரி இருந்தால்தான் ரோட்டிலிருந்து படிக்க முடியும். அதே கையோடு வரைந்ததால் என் ரோஜா வெட்டி ஒட்டினது போல நின்றது. ராய்ஷின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அன்றுதான் புரிந்தது: வெளிச்சப் பக்கத்து ஓரத்தைத் தெளிவாக விட்டிருக்கிறார், நிழல் பக்கத்து ஓரத்தை இருட்டோடு கரைத்திருக்கிறார். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மெத்தென்ற பிரஷால் அந்த ஓரத்தை லேசாக இழுத்துவிடுங்கள். பூ அப்படியே உள்ளே திரும்பும். அதைப் பார்த்த அன்று சாயங்காலம் எனக்குச் சாப்பாடே ஓடவில்லை.

நன்றாகக் காய்ந்த பிறகு, அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பில் லின்சீட் ஆயில் கலந்து, கண்ணாடி போல மெலிதாக நடுமடிப்பில் தடவினால் ஆழம் வரும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள். படத்தின் பின்பக்கம், "ராய்ஷைப் பார்த்து வரைந்தது" என்று எழுதி, அதன் கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.