கானா ஊர்த் திருமணம்: அடையாளத்தைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிலேயாவைச் சேர்ந்த கானா ஊரில் ஒரு திருமண விருந்தின்போது தண்ணீர் திராட்சை இரசமாக மாறியதை நான்கு நற்செய்தியாளர்களுள் யோவான் ஒருவரே எழுதியிருக்கிறார் (2:1-11). பதினொரு வசனங்களே கொண்ட பகுதி இது. ஆனாலும், இதன் உட்பொருளை விளக்க முற்படுவோர் பலர் நற்செய்தியாளர் தந்திருக்கும் குறிப்புகளைத் தாண்டிச் சென்று, வெளியிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து இதன்மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

தவறு பெரும்பாலும் சொல்லிலேயே தொடங்குகிறது. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகியோர் இயேசுவின் செயல்களைப் பெரும்பாலும் 'வல்லமை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் குறிக்க, யோவானோ 'செமெயோன்', அதாவது 'அடையாளம்' என்கிறார். பழைய தமிழ் வேதாகமம் இதை 'அற்புதம்' என்றும், பிற்கால மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'அரும் அடையாளம்' என்றும் மொழிபெயர்த்துள்ளன. அற்புதம் என்ற சொல்லோடு நின்றுவிடுபவருக்குத் தண்ணீர் எப்படி மாறியது என்பதே முழுக் கேள்வியாகிவிடுகிறது. அடையாளம் என்ற சொல்லை மட்டும் பற்றிக்கொள்பவரோ, நிகழ்ச்சியே நடக்கவில்லை, இது வெறும் உருவகம் என்று சொல்லிவிடுகிறார். பண்டைய திருச்சபை இந்த இரண்டில் எதையும் ஏற்கவில்லை. தண்ணீர் நிரப்பிய ஆறு கற்சாடிகளில் அன்று செய்ததையே இறைவன் ஆண்டுதோறும் திராட்சைக் கொடிகளில் செய்கிறார், வழக்கமாகிவிட்டதால் நாம் வியப்பதில்லை என்று பண்டைய ஆயரான புனித அகுஸ்தீன் விளக்கினார். நிகழ்ச்சியை அவர் உண்மையாகவே கொண்டார். அதே சாடிகளில் உலக வரலாற்றின் ஆறு காலங்களையும் கண்டார்.

அந்தச் சாடிகளைப் பற்றிய தவறான விளக்கம் மிகப் பரவலானது, தீங்கானதும்கூட. அவை யூதரின் தூய்மைச் சடங்குக்கு வைக்கப்பட்டவை என்று யோவான் தெளிவாகச் சொல்கிறார். தீட்டுப்பட்ட மண்பாண்டத்தை உடைத்துவிட வேண்டும் என்பது லேவியர் நூலின் சட்டம் (11:33). கல்லோ தீட்டை ஏற்பதில்லை என்பது யூத மரபு. கற்சாடிகள் அங்கே இருந்ததற்குக் காரணம் இதுதான். இதிலிருந்து, பழைய சமயம் சுவையற்ற தண்ணீர், புதியதே இரசம் என்று யூத நெறியை இழிவுபடுத்தும் விளக்கங்கள் பிறந்தன. பகுதியோ அப்படிச் சொல்லவில்லை. இயேசு சாடிகளை உடைக்கவுமில்லை, ஒதுக்கவுமில்லை. விளிம்புவரை நிரப்பச் சொல்கிறார். அந்தத் தண்ணீர்தான் இரசமாகிறது. மலைகள் இனிய இரசத்தைப் பொழியும் என்ற ஆமோஸின் வாக்கும் (9:13), எல்லா மக்களினங்களுக்கும் ஆண்டவர் அளிக்கும் விருந்தைப் பற்றிய ஏசாயாவின் வாக்கும் (25:6) இஸ்ரயேலின் சொந்த நம்பிக்கைகள். சாடி ஒன்றுக்கு ஏறத்தாழ 80 முதல் 120 லிட்டர் என்றால், ஆறிலும் சேர்ந்து 500 லிட்டரைத் தொடும், அல்லது அதையும் மிஞ்சும். ஒரு விருந்தின் தேவையை மீறிய அந்த மிகுதியில் இறைவாக்கினர்கள் சொன்ன நிறைவைக் காண்பதே யோவானின் நோக்கத்துக்கு நெருக்கமானது.

ஆறு என்பது ஏழுக்கு ஒன்று குறைவு, ஆகவே குறைபாட்டின் எண் என்ற விளக்கத்தை ஒரு தியானக் கருத்தாகச் சொல்லலாம். அதுவே இப்பகுதியின் பொருள் என்று அடித்துச் சொல்வதற்கு யோவானின் எழுத்தில் ஆதாரம் இல்லை. மது அருந்தலாமா கூடாதா என்ற வழக்குக்கு இதைச் சான்றாக இழுப்பதும் அப்படியே. அந்தக் கேள்வியை யோவான் எழுப்பவே இல்லை.

என்னை மிகவும் வருத்துவது, இரசம் தீர்ந்துவிட்டது என்று சொன்ன தம் தாய்க்கு இயேசு கூறிய "ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன, என் வேளை இன்னும் வரவில்லை" என்ற மறுமொழியைத் தாய்க்குக் காட்டிய அவமதிப்பாகப் படிப்பதுதான். சமாரியப் பெண்ணிடமும் (4:21), கல்லறையருகே அழுதுகொண்டிருந்த மகதலா மரியாவிடமும் (20:15) இயேசு இதே கிரேக்க விளியைத்தான் பயன்படுத்துகிறார். அதில் கடுமை இல்லை. திருவிவிலியம் 'அம்மா' என்று பெயர்த்திருப்பது அந்த மரியாதையைக் காப்பாற்றுகிறது. ஆனால் தமிழில் அச்சொல் மகன் தாயை அழைப்பதாகவே ஒலிப்பதால், பெற்ற தாயை ஒரு மகன் இப்படி விளிப்பது வழக்கமன்று என்ற வியப்பு மறைந்துவிடுகிறது. அந்த வியப்பில்தான் பொருள் இருக்கிறது. யோவான் தம் நற்செய்தியில் ஓரிடத்திலும் மரியாவின் பெயரைச் சொல்வதில்லை. 'இயேசுவின் தாய்' என்றே குறிப்பிடுகிறார். கானாவில் வரும் அந்தத் தாயிடம் இயேசு மீண்டும் பேசுவது சிலுவையடியில். அங்கும் அதே விளிதான் (19:26). கானாவில் "இன்னும் வரவில்லை" எனப்பட்ட வேளை, சிலுவைப் பாடுகள் நெருங்கும்போது "வந்தது" என்று அறிவிக்கப்படுகிறது (12:23). ஆகவே கானாவின் இரசத்தைச் சிலுவையிலிருந்து பிரித்து வெறும் திருமண மகிழ்ச்சியாகப் படித்தால் அடையாளத்தில் பாதி போய்விடும். மரபு இதில் நற்கருணை வழிபாட்டில் இரசம் ஏந்தும் கிண்ணத்தைக் கண்டதும் இந்தத் தொடர்பினால்தான்.

மணமகன் யார் என்று ஊகித்துப் பெயர் சூட்டுவதும் வேண்டாத வேலை. யோவான் அவனைப் பெயரின்றி விட்டிருக்கிறார், மணமகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நல்ல இரசத்தை இதுவரை வைத்திருந்ததற்காகப் பந்தி மேற்பார்வையாளர் அந்த மணமகனைப் பாராட்டுகிறார், கொடுத்தவரோ வேறொருவர். அடுத்த அதிகாரத்தில் திருமுழுக்கு யோவான் இயேசுவையே மணமகனாகக் காட்டும்போது (3:29), அந்தப் பாராட்டு யாரைச் சேர வேண்டும் என்பது வாசகருக்கு விளங்குகிறது. மேற்பார்வையாளருக்கு அது தெரியவில்லை. தண்ணீர் மொண்டு கொடுத்த பணியாளர்களுக்குத் தெரிந்திருந்தது என்று யோவான் அங்கேயே எழுதியிருக்கிறார் (2:9).