மெதுவாக நழுவினால் நல்லதுதானே?

2022 பிப்ரவரி 25, வெள்ளிக்கிழமை காலை. சிங்கப்பூரின் தோ பாயோவில் உயரமான ஒரு புளோக்கில் குடியிருக்கும் என் பெரியம்மா போன் செய்தார். "ஹால்ல விளக்கு தானா ஆடுதும்மா. எனக்குத்தான் தலை சுத்துதா?" இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், பசமான் பகுதியில் 6.2 அளவில் நிலநடுக்கம். அன்று மாலையே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளக்கம் சுற்றியது: இது 'மெதுவான நிலநடுக்கம்', அதனால்தான் நமக்கு மெல்ல ஆடியது, பயப்பட ஒன்றுமில்லை.

பசமானில் நடந்தது சாதாரண, வேகமான நிலநடுக்கம். பூமியின் பாறையில் இருக்கும் பிளவு சில நொடிகளில் நழுவிவிட்டது. கடலடியில் பூமியின் மேலோட்டுத் தட்டுகள் சந்திக்கும் பிளவில்கூட அது நடக்கவில்லை. சுமத்ராவின் நீளத்துக்கும் நிலத்தில் ஓடும் பிளவு மண்டலத்தில் நடந்தது. சில நூறு கிலோமீட்டர் தாண்டி வருவதற்குள் படபடவென்று உலுக்கும் அலைகள் அடங்கிவிடும். நீண்டு அசையும் அலைகள் மட்டும் நம்மிடம் வந்து சேரும். சிங்கப்பூரில் பல இடங்களில் அடியில் இருப்பது மென்மையான கடல் களிமண். அது அந்த அசைவைப் பெரிதாக்கும்; உயரமான கட்டடம் அதோடு சேர்ந்து ஆடும். பெரியம்மாவின் விளக்கு ஆடிய கதை இவ்வளவுதான்.

'மெதுவான நிலநடுக்கம்' என்று சொல்லப்படும் மெது நழுவல் என்பது வேறு. ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் அமிழும் பிளவில், ஒரு பகுதி நாள்கணக்கில், வாரக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் ஓசையின்றி நகரும். நேர் மேலே நிற்பவருக்கும் ஒன்றும் தெரியாது. ஜிபிஎஸ் கருவிகள்தான் மில்லிமீட்டர் கணக்கில் கண்டுபிடிக்கும். '7 அளவிலான மெது நழுவல்' என்று செய்தியில் படித்தாலும் பதற வேண்டாம். எவ்வளவு பரப்பு எவ்வளவு நகர்ந்தது என்பதற்கான கணக்கு அது. அதிர்வைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லவில்லை.

எனக்கு அதிகம் கவலை தரும் தவறு அடுத்தது. "மெதுவாக நழுவினால் அழுத்தம் குறையும், நல்லதுதானே?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நழுவிய இடத்தில் குறைகிறது, சரி. பக்கத்து இடம்? கனமான பீரோவை இரண்டு பேர் தள்ளும்போது ஒரு பக்கம் நகர்ந்து மறு கால் தரையில் சிக்கிக்கொண்டால், பாரம் முழுக்க அந்தக் காலில்தான் இறங்கும்.

இதற்குச் சாட்சி சுமத்ராவுக்கு மேற்கே சிமலூ தீவில், பவளத்தில் இருக்கிறது. கடல் மிகத் தாழ வற்றும்போது வெளியே தெரியும் பவளம் வெயிலில் செத்துவிடும். அந்த உயரத்துக்கு மேல் அது வளராது. தீவு தாழ்ந்தால் மேலே இடம் கிடைத்து மறுபடி வளரும். தீவு உயர்ந்தால் தலைப்பகுதி செத்து, பக்கவாட்டில் மட்டும் விரியும். பவளத்தைப் பலகைபோல் அறுத்தால் மரத்தில் இருப்பதுபோல ஆண்டு வளையங்கள் தெரியும். நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அப்படி எண்ணிப் படித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு 1, 2 மில்லிமீட்டர் தாழ்ந்துகொண்டிருந்த நிலம், 1829இல் திடீரென 10 மில்லிமீட்டர் வரை தாழ ஆரம்பித்திருக்கிறது. அப்படியே 32 ஆண்டுகள். 1861இல் அங்கே குறைந்தது 8.5 அளவில் பெரும் நிலநடுக்கம், கூடவே சுனாமி. பிளவில் ஆழம் குறைந்த ஒரு பகுதி இத்தனை காலம் மெல்ல நழுவி, பக்கத்தில் பூட்டிக் கிடந்த பகுதியின்மேல் பாரத்தை ஏற்றியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அந்த 32 ஆண்டுகளில் சிமலூவில் பிறந்த ஒரு குழந்தை, காலடியில் நிலம் இறங்குவதை அறியாமலே வளர்ந்து பெரியவராகியிருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்களும் உண்டு: மெது நழுவல் என்றாலே அடுத்து பேரழிவு என்று. அப்படியும் இல்லை. கனடா, அமெரிக்க மேற்குக் கரையோரக் கஸ்கேடியா பிளவில், வான்கூவர் தீவின் அடியில் சுமார் 14 மாதங்களுக்கு ஒருமுறை மெது நழுவல் வந்து போகிறது. அங்கே கடைசியாகப் பெரும் நிலநடுக்கம் வந்தது 1700 ஜனவரியில். ஜப்பானில் 2011இல் 9.0 அளவு நிலநடுக்கத்துக்கு முன் மெது நழுவல் நடந்ததற்கான தடயங்களை ஆய்வாளர்கள் பிறகு கண்டார்கள், அதுவும் உண்மை. எது எதில் போய் முடியும் என்று முன்கூட்டிச் சொல்லும் வழி இன்னும் யாரிடமும் இல்லை. தேதி போட்டு வரும் செய்தியைப் பகிராதீர்கள்.

சுமத்ராவின் தென்மேற்கே எங்கானோ என்று ஒரு சின்னத் தீவு. அங்கேயும் ஒரு மெது நழுவல் நடந்துகொண்டிருக்கலாம் என்று அந்த நன்யாங் ஆய்வாளர்கள் 2021இல் சொன்னார்கள். பெரியம்மாவிடம் சொன்னேன். "அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார்.