இஸ்டாலன் பெண்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

நார்வேயின் பெர்கன் நகரை ஒட்டிய இஸ்டாலன் பள்ளத்தாக்கில், 1970 நவம்பர் 29 அன்று, கருகிய நிலையில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. யார் என்று இன்றுவரை தெரியாது. அடையாளம் தெரியாத சடலங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த வழக்கில்தான் முதலில் கைவைக்கிறார்கள். கைவைத்த வேகத்தில் அதே நாலைந்து தப்புகளையும் செய்கிறார்கள். துறையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் விழுந்து எழுந்த குழிகள்தான். தேதி மாறுவது, ஊர்ப்பெயர் பிழை போன்றவற்றை விட்டுவிடுவோம்.

உளவாளியா?

அவர் உளவாளி என்று ஊகிக்கிறவர்கள் உண்டு. உளவாளியாகவே இருந்தாலும், அடையாளம் காண நாம் நம்பும் பல் அதே பல்தான். அடுத்தது.

மடங்கிய கைகளுக்குக் கதை எழுதுவது

மல்லாந்து கிடந்த உடலில் கைகள் மார்புப் பக்கம் மடங்கி இருந்தன. உடனே "கடைசிவரை போராடினார்" என்று எழுதிவிடுகிறார்கள். சூட்டில் தசை சுருங்கும். கையை மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலுவானவை என்பதால் முழங்கை மடங்கி, விரல்கள் மூடி, குத்துச்சண்டைக்காரர் நிற்பதுபோல் ஆகிவிடும். செத்த பிறகு எரித்தாலும் இதேதான் நடக்கும். தீப்பிடித்தபோது உயிர் இருந்ததா என்பதற்கு மூச்சுக்குழாயையும் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். இங்கே நுரையீரலில் புகைக்கரி இருந்தது, கார்பன் மோனாக்சைடும் இருந்தது. ஆகவே மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றில் 50 முதல் 70 வரை ஃபீனோபார்பிட்டால் தூக்க மாத்திரைகள். கழுத்தில் ஒரு கன்றிய தடம். இவற்றை வைத்து வாதாடலாம், மடங்கிய கையை வைத்து முடியாது.

எட்டுப் பெயர்களையும் தேடுவது

அவர் விடுதிகளில் கொடுத்த எட்டும் பொய்ப் பெயர்கள். அந்த விடுதிப் படிவங்களில் உதவுவது கையெழுத்தும் தேதிகளும் மட்டுமே.

"நியூரம்பர்க்கில் பிறந்தவர்"

இன்னமும் எரிச்சலூட்டுவது இதுதான். 2017இல் வெளிவந்த பற்களின் ஐசோடோப் ஆய்வு (ஒரே தனிமத்தின் எடை வேறுபடும் அணுக்கள் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பார்ப்பது), அவர் 1930 வாக்கில், முன்பின் நான்கு ஆண்டுகளில், நியூரம்பர்க்கிலோ சுற்றுவட்டாரத்திலோ பிறந்து, சிறுவயதில் பிரான்ஸுக்கோ பிரான்ஸ்–ஜெர்மனி எல்லைப் பக்கமோ போயிருக்கலாம் என்று சுட்டியது. அந்த "இருக்கலாம்" எப்போது உதிர்ந்ததென்றே தெரியவில்லை. இப்போது பிறந்த ஊர் என்ற கட்டத்தில் நியூரம்பர்க் என்று எழுதி, அந்த நகரின் பிறப்புப் பதிவேட்டை மட்டும் புரட்டுகிறார்கள்.

பல் எதைப் பதிவு செய்கிறது என்று பார்த்தால் இந்தத் தப்பு நேராது. முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் பிறப்பையொட்டித் தொடங்கி மூன்று வயது வாக்கில் முடிந்துவிடும். இரண்டாவது கடைவாய்ப்பல் ஏறத்தாழ எட்டு வயதுவரை. ஞானப்பல் பதின்ம வயதின் நடுப்பகுதிவரை இழுக்கும். முடிந்த எனாமல் பிறகு மாறாது. அதாவது அந்த அந்த வயதில் சாப்பிட்ட சாப்பாடும் குடித்த தண்ணீரும்தான் அதில் இருக்கின்றன. பிரசவம் எந்த ஊரில் நடந்தது என்பது எந்தப் பல்லிலும் இல்லை.

ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து பயிருக்கும், அங்கிருந்து பல்லுக்கும் வருகிறது. ஒரே வகைப் பாறை இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் ஏறக்குறைய அதே விகிதத்தைத்தான் தரும். ஆக்சிஜன் மழைநீரோடு வருகிறது: கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், எவ்வளவு குளிர் என்பதற்கேற்ப மாறும். இரண்டையும் வரைபடத்தில் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் கிடைப்பது ஒரு பட்டை, சில சமயம் ஒன்றுக்கொன்று தொடாத நாலைந்து திட்டுகள். அதன் நடுவில் குண்டூசி குத்துவது நம்முடைய ஆசை.

இதில் தாய்ப்பால் வேறு. தாயின் உடலுக்குள் போய் வந்த நீரில் கனமான ஆக்சிஜனின் பங்கு கூடிவிடும். அதைத் திருத்தாமல் முதல் கடைவாய்ப்பல்லின் எண்ணை அப்படியே வாசித்தால், குழந்தை வரைபடத்தில் வெதுவெதுப்பான ஊருக்குக் குடிபெயர்ந்துவிடும். கொதிக்கவைத்த தண்ணீரும் இதே பக்கம்தான் தள்ளும்.

விலை என்னவென்றால், நூறு கிலோமீட்டர் தள்ளிப் பிறந்த ஒரு பெண், மற்ற எல்லாம் பொருந்தியும், "ஊர் சரியில்லை" என்று பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார். அப்படி நீக்கப்பட்டவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐசோடோப் முதன்மையாகக் கழிப்பதற்கான கருவிதான், ஆனால் எவ்வளவு தூரத்துக்குக் கழிக்கலாம் என்பதில் கவனம் வேண்டும். வடக்கு ஸ்காண்டிநேவியாவின் மிகப் பழைய கருங்கல் நிலத்தில் வளர்ந்தவரைத் தைரியமாகக் கழிக்கலாம். பக்கத்து மாவட்டத்துக்காரரைக் கழிக்கக் கூடாது.

வயது

முதலில் சொன்னது 25 முதல் 40. பல் சொல்வதை ஏற்றால் 1970இல் 36 முதல் 44. இருபதுகளில் காணாமல் போனவர்களையே தேடியவர்கள் எவ்வளவு நாளை வீணடித்தார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எடுத்து வைக்காமல் புதைப்பது

இந்த வழக்கில் 2017இல் ஒரு ஆய்வு நடந்ததே, தங்கம் வைத்துக் கட்டிய பற்களைப் பார்த்துத் தாடையைத் தனியே எடுத்து வைத்ததால்தான். 1971 பிப்ரவரியில் துத்தநாகப் பெட்டியில் அடக்கம் செய்ததும் யாராவது உறவினர் வந்தால் எடுக்க முடியட்டும் என்றே. இங்கிலாந்தின் ஹேக்லி காட்டில் 1943இல் மரப்பொந்தில் கிடைத்த எலும்புக்கூடு எங்கே போனதென்றே தெரியவில்லை. அங்கே டிஎன்ஏ என்று பேசிப் பயனில்லை.

எடுக்கும்போது சொத்தையில்லாத பின்கடைவாய்ப்பற்கள் குறைந்தது இரண்டு வேண்டும். எரிந்த உடலில் முன்பற்கள்தான் முதலில் வெடிக்கும்; கன்னமும் நாக்கும் மறைப்பதால் பின்பற்கள் தப்பிக்கும். உறுப்புகள் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போடாதீர்கள், டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். காகித உறையில் உலர வைக்கலாம். அறுப்பதற்கு முன் புகைப்படம், எக்ஸ்ரே, பல்லின் அச்சு மூன்றும் முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் சுரண்டிய எனாமல் திரும்ப வராது. மேற்பரப்பைச் சுரண்டித் தள்ளிவிட்டு உள்ளிருந்து சில பத்து மில்லிகிராம் எடுத்தால் போதும்.

"முகம் அப்படியே இருக்கிறது"

பழைய குடும்பப் படத்தையும், இறந்தவர் இப்படி இருந்திருப்பார் என்று ஓவியர் வரைந்த முகத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். வரைந்த முகம் ஊகம். படத்தில் இருப்பவருக்குப் பல் மருத்துவர் எழுதிவைத்த பற்களின் பதிவு அட்டை இருக்கிறதா, தாய்வழி உறவினர் யாராவது எச்சில் மாதிரி தருவாரா என்று கேளுங்கள்.