கோராவைக் குளிப்பாட்டாதீர்கள்

மேற்கு ஆப்பிரிக்காவின் பாலஃபோன் என்ற மரக்கட்டை வாத்தியத்தைக் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு சுரைக்குடுக்கை தொங்கும். குடுக்கையில் சிறு துளையிட்டு, அதன்மேல் மெல்லிய சவ்வு ஒட்டியிருப்பார்கள். முன்பெல்லாம் சிலந்தியின் முட்டைக்கூட்டிலிருந்து உரித்தெடுத்த சவ்வு. இப்போது பெரும்பாலும் மெல்லிய தாளோ பிளாஸ்டிக்கோ. கட்டையைத் தட்டியதும் சவ்வு அதிர்ந்து ஒரு கரகரப்பு கிளம்பும். அந்தக் கரகரப்புக்காகத்தான் இத்தனை மெனக்கெடலும்.

மேற்கு ஆப்பிரிக்க மரபிசையை பாப்போடும் நடன இசையோடும் கலக்கும்போது ஒலிப்பதிவுக் கூடத்தில் முதலில் பலியாவதும் அதுதான். இரைச்சல் என்று நினைத்து, அழுக்கைக் கழுவுவதுபோல் வடிகட்டிவிடுகிறார்கள். ஜெம்பே முரசின் விளிம்பில் வளையம் கோத்த தகடுகளைச் செருகுவதும் இதே ஓசைக்காகத்தான். தம்புராவின் ரீங்காரத்துக்குக் காரணமான ஜீவா நூலை உருவிவிட்டுச் சுருதி சேர்ப்பீர்களா?

சுருதியிலும் இதே கதை. மாலி, கினி பகுதிகளில் வாழும் மாண்டே மக்களின் பாலஃபோன் ஒரு ஸ்தாயியை ஏறக்குறைய ஏழு சமபங்காகப் பிரிக்கிறது. கீபோர்டு பிரிப்பது பன்னிரண்டாக. இரண்டும் பல இடங்களில் ஒட்டாது. உடனே சுருதி திருத்தும் மென்பொருளை எடுத்து பாலஃபோனைக் கீபோர்டுக்கு இழுக்கிறார்கள். கீபோர்டைப் பாலஃபோனுக்கு இழுக்கலாமே! சுரங்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி சிந்தசைசர் எனும் மின்னணு இசைக்கருவிகள் பலவற்றில் இருக்கிறது. 21 தந்திகள் கொண்ட கோரா என்ற மீட்டு வாத்தியத்துக்கும் வாசிப்பவர் வைத்த சுருதிதான் சுருதி. நவீனக் கருவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கினி நாட்டில் கிரியோ எனும் பரம்பரைப் பாணர் குடும்பத்தில் பிறந்த மோரி காந்தே, 1987இல் மரபிசையையும் சிந்தசைசரையும் சேர்த்துத் தந்த 'யெக்கே யெக்கே' பாடல் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

தாளத்தில் நேரும் தவறு இன்னும் நுட்பமானது. கானா, டோகோ பகுதிகளில் வாழும் எவே மக்களின் பல ஆட்டங்களில் கான்கோகி என்ற இரட்டை இரும்பு மணிதான் எல்லோருக்கும் பிடிமானம். 12 மாத்திரைக்குள் 7 தட்டு; இடைவெளி 2, 2, 1, 2, 2, 2, 1. ஆடுபவரின் கால்களோ மூன்று மாத்திரைக்கு ஒருமுறை தரையைத் தொடும். விரலால் மணியையும் காலால் நடையையும் போட்டுப் பாருங்கள்: ஒரு சுற்றில் முதல் தட்டும் ஆறாவது தட்டும் மட்டுமே காலோடு சேரும். மற்ற ஐந்தும் காலுக்கு முன்னும் பின்னும் விழுந்து ஆளை இழுக்கும். ஆட்டத்தின் உயிரே இந்த இழுபறியில்தான் இருக்கிறது. இதை இசை மென்பொருளின் 16 கட்டங்களுக்குள் நகர்த்தி வைத்தால் கணினித் திரையில் அழகாக இருக்கும், ஆட வராது. மணியை முதலில் பதிவு செய்துவிட்டு, மற்றதையெல்லாம் அதன்மேல் கட்டுங்கள்.

நைஜீரியாவின் யோருபா மக்களின் பேசும் முரசை வெட்டி ஒட்டுவது எனக்கு எரிச்சலூட்டும் விஷயம். யோருபா மொழியில் தாழ்வு, நடு, உயர்வு என மூன்று தொனிகள். தொனி மாறினால் சொல்லும் மாறிவிடும். கலைஞர் அக்குளில் இடுக்கிய முரசின் வார்களை இறுக்கியும் தளர்த்தியும் அந்தத் தொனிகளை எழுப்பி, வாழ்த்தும் பழமொழியும் சொல்கிறார். காதுக்கு இனித்த இரண்டு விநாடியை மட்டும் அறுத்து, பாட்டு முழுக்கச் சுழலவிட்டால், ஒருவர் பேச்சை நடுவில் மறித்து அதையே நாற்பது தடவை சொல்ல வைத்த மாதிரி. அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

நடனம் அமைப்பவர்கள் எட்டு எண்ணி அடவை மாற்றுகிறார்கள். ஜெம்பே ஆட்டத்தில் எண்ணிக்கை மட்டும் போதாது. முதன்மை முரசுக்காரர் ஒரு குறிப்பை வாசித்ததும் அடவு மாறும். அந்தக் குறிப்பைப் பாட்டில் விட்டுவைக்க வேண்டும்.

பெயர்க் குழப்பம் வேறு. 1960களின் இறுதியில் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பாடகர் ஃபெலா குட்டியும் டிரம்ஸ் கலைஞர் டோனி ஆலனும் உருவாக்கியது ஆஃப்ரோபீட். இன்றைய நைஜீரிய, கானா பாப் ஆஃப்ரோபீட்ஸ். ஓர் எழுத்துதான் கூடுதல், இசை வேறு.

'மரபுப் பாடல்தானே, யாருக்கும் சொந்தமில்லை' என்ற நினைப்பும் கைகொடுக்காது. கானாவின் 2005ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நாட்டார் கலை வடிவங்களின் உரிமை, மக்கள் சார்பில் குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. வணிகப் பாடலில் பயன்படுத்த, அதற்கென உள்ள வாரியத்திடம் விண்ணப்பித்துக் கட்டணமும் செலுத்த வேண்டும். வெளியீட்டுக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.