அன்பியத்தில் நற்செய்திப் பகிர்வு உங்கள் முறை வந்தால்

இந்த வாரம் கூட்டம் உங்கள் வீட்டில்தான், பகிர்வையும் நீங்களே நடத்திவிடுங்கள் என்று அன்பியப் பொறுப்பாளர் (ஒரே கோயிலைச் சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிச் செபிக்கும் சிறு குழுதான் அன்பியம்) சொல்லிவிட்டுப் போனதும், நம்மில் பலர் செய்யும் முதல் வேலை யூடியூபைத் திறந்து யாராவது ஒரு ஃபாதரின் மறையுரையைத் தேடுவது. வேண்டாம். மறையுரை நன்றாகவே இருக்கும், அதுதான் சிக்கல். அதைக் கேட்டுவிட்டுப் பைபிளைத் திறந்தால் அவர் சொன்னது மட்டும்தான் கண்ணில் படும். முதலில் நீங்கள் படியுங்கள், மறையுரையைக் கூட்டம் முடிந்தபிறகு கேட்டுக்கொள்ளலாம்.

எந்தப் பகுதியை எடுப்பது? வரும் ஞாயிறு நற்செய்தியையே எடுங்கள், பூசையில் அதே வாசகம் வரும்போது வந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் ஒட்டும். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருபவை. ஆண்டை மூன்றால் வகுத்து மீதி ஒன்று வந்தால் மத்தேயு, இரண்டு வந்தால் மாற்கு, மீதியே இல்லையென்றால் லூக்கா. அதன்படி 2026 மத்தேயு, 2027 மாற்கு. ஆனால் திருச்சபைக்குப் புத்தாண்டு ஜனவரியில் இல்லை, திருவருகைக்கால முதல் ஞாயிறு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காம் ஞாயிறு வந்ததுமே அடுத்த ஆண்டுக் கணக்கு தொடங்கிவிடும். நான்காவது நற்செய்தியாளர் யோவானுக்குத் தனி ஆண்டு கிடையாது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் பிந்தைய பாஸ்கா காலத்திலும் நிறைய வருவார், மாற்கு ஆண்டில் பொதுக்காலம் (விழாக்காலங்கள் போக மீதி வாரங்கள்) 17ஆம் ஞாயிறு முதல் 21 வரை அவருடைய ஆறாம் அதிகாரம்தான். இதெல்லாம் நினைவில் நிற்காவிட்டால் பங்குக் கோயில் காலண்டரைப் பாருங்கள்.

இனி படிக்கிற விதம். பென்சிலும் கையுமாக உட்கார்ந்து ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். இது நமக்கு என்ன கற்றுத்தருகிறது என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள், அந்தக் கேள்வி வந்தாலே மன்னியுங்கள், பகிருங்கள், செபியுங்கள் என்று தெரிந்த பதில்தான் வரும். யார் எங்கே நிற்கிறார், எத்தனை மணி, யார் பேசுகிறார், யார் பேசவே இல்லை, இதை மட்டும் பாருங்கள்.

மத்தேயு 20இல் வரும் திராட்சைத் தோட்டக் கூலியாட்களையே எடுத்துக்கொள்வோம், மத்தேயு ஆண்டில் பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு வாசகம். நாள் முழுக்க உழைத்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் அதே கூலி, கடவுள் தாராளமானவர் என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆனால் கவனித்துப் பாருங்கள். விடியற்காலை, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஐந்து என்று நிலக்கிழார் ஐந்து தடவை வெளியே போகிறார். அவரிடம் மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார், அவர் கதைக்குள் வருவதோ மாலையில் கூலி கொடுக்கும்போதுதான். ஆள் கூப்பிட முதலாளியே ஏன் தெருவுக்குப் போகிறார்? ஒரு தெனாரியம் (அன்றைய ஒரு நாள் கூலிக் காசு) என்று கூலி பேசியது விடியற்காலை வந்தவர்களிடம் மட்டும். ஒன்பது மணி ஆட்களிடம் நியாயமான கூலி தருகிறேன் என்கிறார், ஐந்து மணி ஆட்களிடம் கூலிப் பேச்சே இல்லை, நீங்களும் போங்கள் என்பதோடு சரி. அவர்கள் சும்மா நின்றதற்குச் சொல்லும் காரணமும் எங்களை யாரும் கூப்பிடவில்லை என்பதுதான், அதைச் சோம்பேறித்தனம் என்று எந்த வசனமும் சொல்லவில்லை. காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு மேஸ்திரிக்காகக் காத்து நிற்கும் சித்தாள்களை நம் வேலூரில் யார்தான் பார்த்ததில்லை? கடைசிவரை கூப்பிடாமல் விடப்படுவது பெரும்பாலும் வயதானவரும் உடம்புக்கு முடியாதவரும்தான். அவருக்கும் ராத்திரி வீட்டில் அரிசி வேண்டும். இது வேலூர்க்காரருக்குப் புரிய எந்த விளக்கவுரையும் தேவையில்லை.

இப்படிக் கண்ணில் பட்டதில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2024இல் மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்றார். ஃபாதருக்கே எட்டு என்றால் நமக்கு நான்கு தாராளம்.

கூட்டத்தை நடத்த ஏழு படி முறை இருக்கிறது, தென்னாப்பிரிக்காவின் லும்கோ என்ற கத்தோலிக்கப் பயிற்சி நிறுவனத்திலிருந்து வந்தது. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதைத் தொட்ட சொல்லை மட்டும் சொல்வது, மௌனம், பகிர்வு, செய்ய வேண்டியதைப் பேசுவது, செபம். இதில் நமக்கு உதைப்பது மௌனம்தான். அரை நிமிடம் ஆவதற்குள் யாராவது ஒரு பாட்டை எடுத்துவிடுவார்கள். மூன்று நிமிடம் அமைதியாக இருப்போம், முடிந்ததும் நானே சொல்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நேரம் தெரிந்தால் உட்காருவார்கள்.

பகிர்வில் ஒரே ஒரு விதி: “நான்” என்று பேச வேண்டும். “இந்தக் காலத்துப் பிள்ளைகள்”, “சில பேர் கோயிலுக்கு வந்தும்” என்று யாராவது தொடங்கினால் அது எதிர்வீட்டை நோக்கிப் போகிறது என்று அர்த்தம். உங்களுக்கு எந்தச் சொல் பட்டது அக்கா என்று கேட்டு மெதுவாகத் திருப்புங்கள். தோல் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்த அண்ணன், நைட் டியூட்டிக்குக் கிளம்ப வேண்டிய நர்ஸ், இவர்களை முதலில் பேச விடுங்கள். நீளமாகப் பேசும் ஐயா எல்லா அன்பியத்திலும் ஒருவர் உண்டு, அவருக்குக் கடைசிச் செபத்தைக் கொடுத்துவிடுங்கள், மரியாதையும் குறையாது.

ஆறாவது படியைத்தான் எல்லாரும் தாண்டிவிடுகிறோம். ஏழைகளுக்கு உதவுவோம் என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை, யார், எப்போது என்று பேசுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா காய்ச்சலில் படுத்த நாளுக்கும் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுப்பது மத்தேயு 20க்கு நேரான பதில். வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேர், மொழி தெரியாத அவர்களோடு மருந்துக்கடைவரை போய் வருவதும் ஒரு வேலைதான். எதை முடிவு செய்தீர்களோ அதை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த வாரம் கூட்டம் நடக்கும் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், அவர் அது நடந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் பைபிளைத் திறக்க வேண்டும். டீயும் சுண்டலும் செபத்துக்கு அப்புறம்.