புதிதாக வருபவர் திகைத்து நிற்காத சபை: ஞாயிறு வாசலும் வார நாள் கதவும்

தங்கள் சபை அன்பான சபை என்று சொல்லாத சபையார் எங்கும் இல்லை. அது உண்மையும்கூட. பல வருடம் பழகியவர்களுக்கு அங்கே அன்புக்குக் குறைவிருக்காது. புதிதாக வருபவர் பார்ப்பது மட்டும் அந்த அன்பின் முதுகுப் பக்கத்தை: ஆராதனை முடிந்ததும் வட்டமாக நின்று பேசுகிறவர்களின் முதுகு.

ஆகவே வரவேற்பை நல்ல மனதின் பொறுப்பில் விட்டுவிட முடியாது. ‘அடுத்து என்ன செய்வது’ என்று புதியவர் திகைக்கிற ஒவ்வொரு இடத்தையும் தேடிப்பிடித்து, அங்கே ஓர் ஆளையோ, பலகையையோ, ஒரு வாக்கியத்தையோ வைக்க வேண்டும். அந்த இடங்கள் சபையாரின் கண்ணுக்குத் தெரியாது. சபையைச் சேராத, முடிந்தால் ஆலயப் பழக்கமே இல்லாத ஒருவரை ஒரு ஞாயிறு வரச் சொல்லி, தெருவில் கால் வைத்தது முதல் எங்கெங்கே தயங்கினார் என்று குறித்துத் தரும்படி கேளுங்கள். எந்தக் கதவு திறந்திருக்கிறது, எங்கே உட்காரலாம், கழிப்பறை எங்கே, எந்தப் புத்தகத்தை எடுப்பது, எப்போது எழுவது, திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் வரும்போது என்ன செய்வது, எப்படி விடைபெறுவது என்பவை அநேகமாக அந்தத் தாளில் இருக்கும்.

வாசல்

ஆராதனை தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே, தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில். மற்றவர் உள்ளே, இருக்கைகள் தொடங்கும் இடத்தில். இருவரையும் வாசலிலேயே நிறுத்தினால் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருப்பார்கள், வருகிறவர் ஓரமாக நுழைந்துவிடுவார். முதல் பாட்டு தொடங்கியதும் இருவரும் உள்ளே போய்விடுவது இன்னொரு தவறு. புதியவர்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் வருவார்கள், வழியும் நேரமும் அவர்களுக்குப் பழக்கமில்லை. தொடங்கிப் பதினைந்து நிமிடம் வரை ஒருவர் வாசலில் இருக்கட்டும்.

வாசலில் கேட்கக் கூடாத கேள்விகளை எழுதியே கொடுத்துவிடலாம்: எந்தச் சபையிலிருந்து வருகிறீர்கள், என்ன வேலை, திருமணம் ஆயிற்றா, ஞானஸ்நானம் பெற்றவரா. ‘வாருங்கள், என் பெயர் இன்னது, உட்கார இடம் காட்டட்டுமா’ என்றால் போதும். தனியே இருக்க விரும்பி வந்தவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல அதில் இடம் இருக்கிறது.

இருக்கை விஷயத்தில் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளுக்குப் பழைய கறை ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல ஆலயங்கள் இருக்கைகளைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டன. பணம் கட்டாதவர்களுக்கு மிச்சமிருந்த இலவச இருக்கைகள்தான். பொன் மோதிரமும் மினுக்குள்ள உடையும் அணிந்து வந்தவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குப் பாதபடி ஓரமும் கொடுப்பதை யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரம் நேருக்கு நேர் கண்டித்திருந்தும் இது நடந்தது. வாடகை ஒழிந்துவிட்டது. ‘இது எங்கள் இடம்’ என்ற பார்வை பல இடங்களில் ஒழியவில்லை. ஒரே ஒரு முறை அந்தப் பார்வை விழுந்தால் வாசலில் செய்த உபசாரம் அத்தனையும் வீண். கடைசி இரண்டு வரிசைகளையும் ஓரத்து இருக்கைகளையும் புதியவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும் விட்டு, சபையார் நடுவுக்கு நகர்ந்து உட்கார்வதைப் பழக்கமாக்குங்கள்.

ஆராதனை முறைமை

சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லுத்தர் 1526இல் ஜெர்மன் மொழியில் ஆராதனை முறைமையை வெளியிட்டார். குருவானவர் லத்தீனில் சொல்ல மக்கள் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஆராதனையையும் பாட்டையும் மக்களின் வாயிலேயே வைத்தது சீர்திருத்தம். அந்த மரபில் வந்த ஆலயத்தில் ஒருவர் பக்கம் தெரியாமல், சொல் தெரியாமல் வாய்மூடி நிற்கிறார் என்றால் அதைச் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அன்றைய ஆராதனை முழுவதும் ஒரே தாளில் இருக்கட்டும். மூன்று புத்தகங்களைக் கையில் கொடுக்காதீர்கள். எழுத்து 14 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும், பார்வை மங்கியவர்களுக்கு 18 புள்ளியில் சில படிகள். எல்லாருக்கும் மனப்பாடம் என்று நினைப்பவற்றைக் கட்டாயம் அச்சிடுங்கள்: பரமண்டல ஜெபம், விசுவாசப் பிரமாணம், பாவ அறிக்கை, ஆசீர்வாதத்துக்கான பதில். கத்தோலிக்கப் பின்னணியிலிருந்து வந்தவர் பரமண்டல ஜெபத்தைத் ‘தீமையினின்று’ என்ற இடத்தோடு முடித்துவிடுவார். சபையார் ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ என்று தொடரும்போது ஜெபம் தெரிந்த ஒருவரே அந்நியராகிவிடுகிறார். அந்த வரி தாளில் இருந்தால் அவரும் சேர்ந்து சொல்வார்.

ஆராதனையை நடத்துகிறவர் ‘எழுந்து நிற்போம்’ என்பதற்குப் பதிலாக ‘இயன்றவர்கள் எழுந்து நிற்போம்’ என்றும், வேதவாசகத்துக்கு முன் பக்க எண்ணையும் சொல்லட்டும். ஆகாய் என்ற சின்னப் புத்தகம் வேதாகமத்தில் எங்கே இருக்கிறது என்று பழையவர்களே தேடுவார்கள். காணிக்கைப் பை வருமுன், ‘இன்று விருந்தினராக வந்திருப்பவர்கள் எதுவும் போட வேண்டியதில்லை’ என்று ஒரு வாக்கியம். அறிவிப்புகளில் ‘வழக்கமான இடத்தில் கூடுவோம்’, ‘அக்காவிடம் பெயர் கொடுங்கள்’ போன்றவை உள்ளாட்களுக்கு மட்டும் புரிகிற பேச்சு. இடத்தையும் ஆளையும் பெயரோடு சொல்லுங்கள்.

புதியவரை எழுந்து நின்று பெயர் சொல்லச் சொல்லாதீர்கள். செய்கிறவர்கள் அன்பாகத்தான் செய்கிறார்கள். கூச்சமுள்ளவருக்கோ அது தண்டனை. துக்கத்தில் வந்தவருக்கு அதைவிட மோசம்.

திருவிருந்து

இயேசுவை நினைவுகூர்ந்து அப்பமும் திராட்சை ரசமும் பெறும் இந்தச் சடங்குதான் ஆராதனையில் அதிகம் தடுமாற வைக்கும் இடம். அழைப்புக்குச் சற்று முன் மூன்று விஷயங்கள் சொல்லப்பட வேண்டும்: யார் பங்குபெறலாம், எப்படிப் பெறுவது, பங்குபெறாதவர் என்ன செய்வது. முதல் விஷயத்தில் சபைகளின் ஒழுங்கு வேறுபடும். ஞானஸ்நானம் பெற்ற எல்லாரையும் அழைக்கும் சபைகள் உண்டு, திடப்படுத்தல் (விசுவாசத்தைத் தானே அறிக்கையிட்டு உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்றவர்களை மட்டும் அழைப்பவை உண்டு, விரும்புகிற எவரையும் அழைப்பவையும் உண்டு. உங்கள் ஒழுங்கு எதுவானாலும் வெளிப்படையாகச் சொல்வதுதான் மரியாதை. முன்னே வந்து கைநீட்டிய பிறகு மறுக்கப்படுகிறவர் அதை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

இரண்டாவதற்கு: கையை எப்படி ஏந்துவது, பொதுப் பாத்திரமா தனிக் குவளையா, எந்தப் பக்கமாகத் திரும்புவது. மூன்றாவதற்கு: கைகளை மார்பில் குறுக்காக வைத்து வந்தால் ஆசீர்வாதம் பெறலாம், அல்லது இருந்த இடத்திலேயே அமைதியாக இருக்கலாம் என்று சொல்லுங்கள். முழு வரிசையும் எழுந்து போகும்போது உட்கார்ந்திருப்பவரின் முழங்காலைத் தாண்டிப்போகும்படி ஆகாமல், வரிசையை அனுப்புகிறவர் இடைவெளி பார்த்து அனுப்பட்டும்.

ரசத்தில் மது இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குடியிலிருந்து மீண்டுவருகிறவருக்கு ஒரு மிடறும் ஆபத்து. அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெத்தடிஸ்ட் 1869இல் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காத்தது திருவிருந்துக்காகத்தான். கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்குக் குளூட்டன் (கோதுமையிலுள்ள புரதம்) இல்லாத அப்பம் வைக்கும்போது தனித் தட்டில் வையுங்கள். ஒரே தட்டில் துகள் கலந்தால் வைத்தும் பயனில்லை.

ஆசீர்வாதத்துக்குப் பின் வரும் மூன்று நிமிடங்கள்

புதியவர் வெளியேற அதிக நேரம் ஆகாது. அந்த நேரத்தில் மூப்பர்கள் கணக்கு பேசுவார்கள், பாடகர்கள் அடுத்த ஒத்திகையைப் பேசுவார்கள், போதகரை நான்கு பேர் பிடித்துக்கொள்வார்கள். சபையாருக்கு ஒரே ஒரு விதி போதும்: முதல் மூன்று நிமிடம் தெரிந்தவரோடு பேசுவதில்லை. சபை நிர்வாகப் பேச்சுக்கு அந்த நாளிலேயே வேறு நேரம் வைத்துவிட்டால்தான் இந்த விதி நிற்கும், இல்லையென்றால் இரண்டே வாரத்தில் கரைந்துவிடும். ‘இங்கே புதிதா?’ என்று கேட்டால் இருபது வருட அங்கத்தினர் ஒருவர் மனம் புண்படலாம். ‘நாம் இதுவரை பேசியதில்லை என்று நினைக்கிறேன்’ என்று தொடங்கினால் யாருக்கும் நோகாது.

விவரம் தர விரும்புகிறவருக்குச் சிறிய அட்டை: பெயர், தொடர்பு எண், ‘யாராவது பேசலாமா’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் குறி இல்லையென்றால் அழைக்கக் கூடாது. குறி இருந்தால் திங்கள் அல்லது செவ்வாய்க்குள் ஒரு குறுஞ்செய்தி, அதைப் போதகர் அல்லாத ஒருவர் அனுப்புவது நல்லது. போதகர் அழைப்பது அவருடைய கடமையாகத் தெரியும். வேறொருவர் அழைத்தால் நினைத்துப் பேசியதாகத் தெரியும்.

கட்டிடமும் பிள்ளைகளும்

சரிவுப்பாதைக்கு 1:12 கணக்கு. 15 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும், அதைவிடச் செங்குத்தானால் சக்கர நாற்காலியைப் பிறர் தள்ள வேண்டிவரும். நாற்காலிக்கான இடத்தைக் கடைசியில் ஒதுக்காமல், நடு வரிசையில் ஒரு பெஞ்சைக் குட்டையாக வெட்டி, குடும்பத்தோடு உட்காரும்படி செய்யுங்கள். ‘எனக்கு மைக் வேண்டாம், குரல் எட்டும்’ என்பவரிடமும் மைக்கைக் கொடுங்கள். மைக்கின் ஒலியை நேரே காதுகருவிக்கு அனுப்பும் ஒலிவளையம் வைத்திருக்கும் ஆலயத்தில், அதைப் பயன்படுத்துகிறவருக்கு மைக்கில் விழாத பேச்சு அநேகமாகக் கேட்காது.

ஞாயிறு பள்ளி அறையில் உறவினர் அல்லாத இரண்டு பெரியவர்கள் எப்போதும் இருக்க வேண்டும். கதவில் கண்ணாடி வேண்டும். பிள்ளையை விட்டவரிடமே திரும்ப ஒப்படைக்க வேண்டும். உதவிக்கு ஆள் குறைந்த நாளில் வகுப்பை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பெற்றோரோடு உட்கார வையுங்கள். ‘இன்று ஒரு நாள்தானே’ என்பதற்கு இந்த விஷயத்தில் இடமே இல்லை.

வார நாட்கள்

சபைக்குச் செய்ய ஆசையான வேலையும் அக்கம்பக்கத்துக்குத் தேவையான வேலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. எதையும் தொடங்குமுன் பத்துப் பேரைப் பாருங்கள்: பள்ளி ஆசிரியர், செவிலியர், முதியோரைக் கவனிக்கிறவர், பக்கத்திலுள்ள வேறு மதத்தாரின் வழிபாட்டிடத்துப் பொறுப்பாளர். ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்றால் பொதுவான பதில்தான் வரும். ‘இங்கே ஆட்களுக்கு வாரத்தில் கஷ்டமான நேரம் எது’ என்று கேட்டால், பள்ளி விட்டுப் பெற்றோர் வரும்வரை, மாதக் கடைசி வாரம், விடுமுறை நாள் மாலை என்று நாளும் மணியுமாகப் பதில் கிடைக்கும். அதில் ஒன்றை மட்டும் எடுத்து வாரம் தவறாமல் செய்யுங்கள். நான்கு பேர் தேவைப்படும் வேலைக்கு எட்டுப் பேரைச் சேர்த்து முறைவைத்தால் நிற்கும். நான்கே பேரோடு தொடங்கினால் ஒருவருக்கு உடம்பு சரியில்லாத வாரத்தில் கதவு மூடியிருக்கும், நம்பி வந்தவர் திரும்பிப்போவார். உதவிப் பையில் துண்டுப்பிரசுரத்தைச் செருகாதீர்கள். விசுவாசத்தைப் பற்றிக் கேட்பவருக்கு மனதாரச் சொல்லுங்கள். கேட்காதவருக்கும் அதே பை, அதே அளவு.

மண்டபத்தைப் பிற குழுக்களுக்குக் கொடுக்கும்போது ஒரு பக்க ஒப்பந்தம் போதும்: நேரம், சாவி யாரிடம், சுத்தம் செய்வது யார், பழுதானால் யாரை அழைப்பது. இரண்டு குழுக்களுக்கு நடுவே அரை மணி இடைவெளி விடுங்கள். சண்டை பெரும்பாலும் வாடகையால் வராது, அலமாரியால் வரும். யாருக்கு எந்த அலமாரி என்று பெயர் ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக, சத்தம். பாட்டு உச்சத்தில் இருக்கும்போது ஒருவர் எல்லைச் சுவருக்கு வெளியே போய் நிற்கட்டும். சொற்கள் தெளிவாகக் கேட்டால் ஒலியைக் குறைக்க வேண்டும். சொற்கள் கேட்காமல் அதிர்வு மட்டும் வந்தால் தாழ்ந்த சுருதி சுவர் வழியாகப் போகிறது. அந்த ஒலிபெருக்கியைத் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் நகர்த்தி, அடியில் ரப்பர் வைத்துப் பாருங்கள். பண்டிகை ஆராதனையோ இரவு ஜெபமோ வருமுன், ஒரு வாரம் முன்னதாகவே பக்கத்து வீடுகளுக்கு நேரத்தையும் ஒரு தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். அந்த எண்ணை வைத்திருப்பவர் அன்றைக்குப் பாடகர் குழுவில் இருக்கக் கூடாது. அழைப்பு வந்தால் உடனே எடுத்துப் பேச வேண்டியவர் அவர்.